நிமிடக் கணக்கில் தெரியும் பராமரிப்பு

மருத்துவமனையை ஆய்வு செய்யப் போகிறவருக்கு ஒரு வசதி உண்டு. வார்டுக்குள் நடந்தாலே பாதி தெரிந்துவிடும். அழைப்பு மணி எவ்வளவு நேரம் அடித்துக்கொண்டிருக்கிறது, சாப்பாட்டுத் தட்டு நோயாளியின் கைக்கு எட்டுகிறதா, கழிப்பறைப் பக்கம் வாடை எப்படி என்பதையெல்லாம் கண்ணும் காதும் மூக்குமே சொல்லிவிடும். முதியோர் இல்லத்திலும் அப்படித்தான். வீட்டுப் பராமரிப்பில் இந்த வசதி கிடையாது. நடுத்தர அளவிலான ஒரு முகமையின் சேவை நடப்பது ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் நூறு, நூற்றைம்பது படுக்கையறைகளில். ஒவ்வொன்றும் ஒருவருடைய சொந்த வீடு. அவருடைய சம்மதம் இல்லாமல் ஆய்வாளர் வாசற்படி ஏற முடியாது.

இங்கிலாந்தில் இந்த ஆய்வுப் பொறுப்பு கேர் குவாலிட்டி கமிஷன் என்ற சட்டபூர்வ ஆணையத்திடம் இருக்கிறது. அதன் ஆய்வாளர் முதலில் போவது முகமையின் அலுவலகத்துக்கு. தொழிற்பேட்டையில் ஒரு மாடி அறையாகவோ, கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த இடமாகவோ அது இருக்கலாம். பராமரிப்பு நடக்காத இடம் அது. கண்ணால் பார்க்க முடியாததை ஆய்வாளர் அங்கே பதிவுகளில் தேடுகிறார். திட்டங்கள், படிவங்கள், பயிற்சிச் சான்றிதழ்கள் எல்லாம் அடுக்கி வைக்கப்படும். அவற்றில் மிகக் குறைவாகப் பொய் சொல்வது நேரப் பதிவு என்பதே என் கணிப்பு. யார், எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்குப் போனார், எப்போது கிளம்பினார் என்ற கணக்கைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால், பூட்டிய கதவுக்குப் பின்னால் நடப்பதில் பெரும்பகுதி புலப்பட்டுவிடும். ஆனால் அந்த நேரத்தை அளந்து கொடுப்பது பெரும்பாலும் முகமை அல்ல. அதனிடம் சேவையை விலைபேசி வாங்கும் உள்ளாட்சி மன்றம். அந்தப் பக்கம் ஆய்வாளரின் கை நீண்ட காலம் நீளவில்லை. இங்கிலாந்தின் ஆய்வு முறையின் பலம், பலவீனம் இரண்டும் இந்த முரணில்தான் இருக்கின்றன.

வீட்டுப் பராமரிப்பு முகமைகள் சட்டத்தின் பார்வைக்குள் வந்ததே சமீபத்தில்தான். 2000ஆம் ஆண்டின் பராமரிப்புத் தரநிலைகள் சட்டம் அவற்றைப் பதிவு செய்ய வழிவகுத்தது. 2003இல் அது நடைமுறைக்கு வந்தது. மேற்பார்வை அமைப்பு மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. 2002இல் ஒன்று தொடங்கியது, 2004இல் அதன் இடத்துக்கு வேறொன்று வந்தது, 2009 ஏப்ரலில் இன்றைய ஆணையம் பொறுப்பேற்றது. பத்தாண்டுக்குள் மூன்று பெயர்ப்பலகைகள். முதல் இரண்டும் தம் ஆய்வாளர்கள் தொழிலில் முதிரும்வரை நிலைக்கவில்லை.

எல்லா வீட்டு உதவிக்கும் பதிவு தேவையில்லை. குளிக்க வைப்பது, உடை மாற்றுவது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது, ஊட்டிவிடுவது போல உடலைத் தொட்டுச் செய்யும் பராமரிப்புக்கே தேவை. கடைக்குப் போய்வருவது, வீடு கூட்டுவது, பேச்சுத்துணையாக இருப்பது மட்டும் என்றால் தேவையில்லை. பதிவு பெற்ற முகமைக்கு 2014ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதிகள் பொருந்தும். சம்மதம், பாதுகாப்பு, மருந்து, பணியாளர் நியமனம், புகார், நிர்வாகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி விதி. ஒருவர் இறந்தாலும், கடுமையாகக் காயப்பட்டாலும், கொடுமைப்படுத்தப்பட்டதாகப் புகார் வந்தாலும் முகமையே ஆணையத்துக்கு அறிவித்தாக வேண்டும்.

ஆய்வுக்கு வழக்கமாக 24 முதல் 48 மணி நேர முன்னறிவிப்பு தருகிறார்கள். சொல்லிவிட்டுப் போனால் என்ன ஆய்வு என்று கேட்கத் தோன்றும். ஆனால் முகமையின் மேலாளரே யாராவது விடுப்பு எடுத்தால் பராமரிப்பாளராகக் கிளம்பிவிடுவார். சொல்லாமல் போனால் அலுவலகம் பூட்டிக் கிடக்கலாம். யாருடைய வீடுகளுக்குப் போகலாம் என்று சம்மதம் கேட்கவும் அவகாசம் வேண்டும். தவிர, இரண்டு நாளில் ஒரு மேலாளர் சில படிவங்களைத் திருத்தலாம். மூன்று மாத வருகைப் பதிவைத் திருத்தி எழுதுவது அவ்வளவு சுலபமல்ல.

பல முகமைகளில் அந்தப் பதிவு இப்போது மின்னணு முறையில் நடக்கிறது. பராமரிப்பாளர் வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பேசிச் செயலியிலோ, வீட்டில் ஒட்டியிருக்கும் குறியீட்டை ஸ்கேன் செய்தோ நேரத்தைப் பதிகிறார், கிளம்பும்போது மறுபடி. அனுபவமுள்ள ஆய்வாளர் இதை முதலில் கேட்டு வாங்குவார். ஒரே பராமரிப்பாளர் எட்டரை மணிக்கு இரண்டு வீடுகளில் இருந்ததாகப் பதிவு காட்டுகிறதா? ஒரு வருகை முடியும் நிமிடத்திலேயே மூன்று மைல் தள்ளி அடுத்தது தொடங்குகிறதா? அப்படியென்றால் பணிப்பட்டியலில் பயண நேரமே ஒதுக்கப்படவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து, பத்து நிமிடம் கிள்ளி எடுத்துத்தான் அந்த நாள் ஓடியிருக்கும். அரை மணி நேரத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு பதினெட்டு நிமிடம் இருப்பது அங்கே பரவலாகப் பேசப்படும் விஷயம். அதைத் தனி ஒருவரின் சோம்பேறித்தனமாகப் பார்ப்பவர் பணிப்பட்டியலைப் பார்க்காதவர்.

இருவர் சேர்ந்து போக வேண்டிய வருகைகளும் உண்டு. படுத்த படுக்கையாக இருப்பவரைத் தூக்கு இயந்திரத்தில் வைத்து நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருக்கும். பதிவிலும் இருவர் பெயர் இருக்கும். ஒருவர் 8.05க்கு வந்து 8.35க்குப் போயிருக்கிறார், மற்றவர் 8.25க்கு வந்து 8.50க்குக் கிளம்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் சேர்ந்திருந்தது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் தூக்கினார்களா, முதலில் வந்தவர் தனியாகவே தூக்கிவிட்டாரா என்பதுதான் கேள்வி. கீழே விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும் வயதில் இது சின்னக் கேள்வியல்ல. இரண்டு பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ஆய்வாளர் இதைத் தவறவிடுவார்.

மருந்து விஷயத்திலும் கடிகாரம்தான் சாட்சி. என்ன மருந்து, எத்தனை மணிக்கு, யார் கொடுத்தார் என்று ஒவ்வொரு முறையும் கையெழுத்திட ஒரு பதிவேடு உண்டு. கையெழுத்து விடுபட்ட கட்டம் எல்லார் கண்ணிலும் படும். விடுபடாத கட்டங்களில் இருக்கும் ஆபத்தைப் பார்க்கப் பயிற்சி வேண்டும். பாராசிட்டமால் இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலை வருகை தாமதமாகி பத்தரைக்கு நடந்து, மதிய வருகை வழக்கம்போலப் பன்னிரண்டரைக்கு நடந்தால், பதிவேட்டில் இரண்டு கட்டமும் ஒழுங்காக நிரம்பியிருக்கும். இடைவெளி இரண்டு மணி நேரம்தான். எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் அலெண்ட்ரோனிக் அமில மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கி, காலை உணவுக்கு முன் அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். எழுப்பி, கழுவி, உடை மாற்றி, உணவும் கொடுக்க மொத்தம் அரை மணி நேரம் ஒதுக்கிய வருகையில் இது எப்படி முடியும்? பார்க்கின்சன் நோயாளிக்கு லெவோடோப்பா அரை மணி தாமதமானாலே உடல் இறுகிவிடக்கூடும். மறதி நோய்க்கான ரிவாஸ்டிக்மின் ஒட்டுப்பட்டையில் பழையதை எடுக்காமல் புதியதை ஒட்டினால் மருந்து அளவு மீறும்; தோலில் ஒரே இடத்தில் 14 நாட்களுக்குள் மறுபடி ஒட்டவும் கூடாது. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் வீட்டில் பராமரிப்புப் பெறுவோரின் மருந்து நிர்வாகத்துக்கென்றே 2017இல் தனி வழிகாட்டுதல் வெளியிட்டதன் தேவை இத்தகைய உதாரணங்களில் புரியும். வருகைப் பதிவையும் மருந்துப் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் தவறு தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சுத்தம்.

அன்றாடக் குறிப்பேடு வேறு ரகம். ‘குளிப்பாட்டினேன், உணவு கொடுத்தேன், நலமாக விட்டுவந்தேன்’ என்ற தோரணையில் ஒரே வாக்கியம் நாள்தோறும் திரும்பத் திரும்ப வந்தால், எழுதியவர் அந்த மனிதரைப் பார்த்து எழுதவில்லை என்று பொருள். அந்த வரிகளுக்கு நடுவே ஒரு நாள் படுக்கைப் புண் முற்றிய நிலையில் மருத்துவமனைச் சேர்க்கை வந்து நிற்கும். புண் ஓர் இரவில் வருவதில்லை. தோல் சிவந்த முதல் நாளை யாரும் குறித்திருக்க மாட்டார்கள்.

பணியாளர் கோப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, முழு வேலை வரலாறு, இடைவெளி இருந்தால் எழுத்தில் விளக்கம், பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவை இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. 2015 ஏப்ரலில் 15 தரநிலைகளோடு பராமரிப்புச் சான்றிதழ் என்ற அடிப்படைப் பயிற்சியும் அறிமுகமானது. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. எல்லாத் தரநிலைகளையும் ஒரே பிற்பகலில் காணொளி பார்த்து முடித்ததாகத் தேதி இருந்தால், அது சான்றிதழாக மட்டுமே இருக்கும்.

அப்படியானால் பராமரிப்பைப் பெறுபவரின் குரல்? ஆய்வாளர் சில வீடுகளுக்குச் சம்மதத்தோடு போகிறார். வேறு பலரிடமும் குடும்பத்தாரிடமும் தொலைபேசியில் கேட்கிறார்கள். தாமே பராமரிப்பைப் பெற்றவர்களையும் உறவினரைப் பராமரித்தவர்களையும் ‘அனுபவ நிபுணர்’ என்ற பெயரில் ஆணையம் இதற்குச் சேர்த்துக்கொள்கிறது. நல்ல யோசனை; அதற்கும் எல்லை உண்டு. காலையில் தன்னைக் கழிப்பறைக்கு அழைத்துப் போக வரும் பெண்ணைப் பற்றி, முன்பின் தெரியாத ஒருவரிடம் தொலைபேசியில் குறை சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? சமத்துவ மற்றும் மனித உரிமை ஆணையம் 2011 நவம்பரில் முதியோர் வீட்டுப் பராமரிப்பு பற்றிய தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டது. கருத்துச் சொன்னவர்களில் சுமார் பாதிப் பேர் திருப்தி தெரிவித்தார்கள். ஆனால் சுமார் ஐந்தில் ஒருவர், எப்படிப் புகார் செய்வது என்று தெரியாததாலோ பின்விளைவுக்குப் பயந்தோ புகார் செய்ய மாட்டோம் என்றார்கள். லண்டனின் ஹாரோ, நியூஹாம் போன்ற பகுதிகளில் வாழும் வயதான தமிழர்களுக்கு இன்னொரு தடையும் சேர்கிறது. கேள்வி ஆங்கிலத்தில் வந்தால் பதில் மகனோ மருமகளோ சொல்வதாக இருக்கும். வேலைக்குப் போய்விடும் அவர்கள் அந்த வருகையை நேரில் பார்த்திருக்கவே மாட்டார்கள். திருப்தி என்று வரும் பதில்களை ஆய்வாளர் எடைபோட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தொலைபேசி, கேள்வித்தாள், வீட்டு வருகை, அனுபவ நிபுணர் என்ற எல்லா வழிகளையும் கேர் குவாலிட்டி கமிஷன் ஒருசேரப் பரிசோதித்துப் பார்த்தது 2012இல். அந்த ஆண்டு 26,000க்கும் மேற்பட்டோருக்குச் சேவை செய்த 250 முகமைகளை ஆய்வு செய்து 2013 பிப்ரவரியில் முடிவை வெளியிட்டது. பார்த்த தரநிலைகள் அனைத்தையும் நிறைவேற்றியவை 184, அதாவது 74 சதவீதம். எஞ்சியவற்றில் திரும்பத் திரும்ப வந்த குறைகளைப் பாருங்கள்: தாமதமான வருகை, நடக்காமலே போன வருகை, அடிக்கடி மாறும் முகங்கள், மாற்றம் நடந்தால் முன்கூட்டிச் சொல்லாமை. பாதி நேரம் பற்றியவை. இதைப் படித்த பிறகும் ஆய்வின் மையம் கொள்கைக் கோப்புகளாகவே இருந்தால் அது விந்தைதான்.

மதிப்பீடு வழங்கும் கதையும் ஏற்ற இறக்கம் கொண்டது. 2008இல் நட்சத்திர மதிப்பீடு வந்தது, 2010இல் கைவிடப்பட்டது. 2014 அக்டோபரில் புதிய வடிவில் திரும்பியது: பாதுகாப்பானதா, பயன் தருகிறதா, பரிவு இருக்கிறதா, தேவைக்கேற்ப நடந்துகொள்கிறதா, நிர்வாகம் சரியா என்ற ஐந்து கேள்விகள், மிகச் சிறப்பு, நன்று, மேம்பாடு தேவை, போதாது என்ற நான்கு படிகள். சமூகப் பராமரிப்புக்கான முதல் தலைமை ஆய்வாளராக 2013இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரியா சட்க்ளிஃப் தன் ஆய்வாளர்கள் முன் வைத்த சோதனை எளிமையானது: என் அம்மாவை இவர்களிடம் ஒப்படைப்பேனா? நிபுணத்துவச் சொற்கள் நிறைந்த துறையில் அது நல்ல காற்றாக இருந்தது. இதே ஆய்வை ஸ்காட்லாந்து 1 முதல் 6 வரை தரமிட்டுச் செய்கிறது. படிகள் எத்தனை என்பதை விட, மதிப்பீடு எவ்வளவு புதியது என்பதே முக்கியம்.

அங்கேதான் இங்கிலாந்து சறுக்கியது. கோவிட் காலத்தில் குறைந்த ஆய்வுகள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. புதிய மதிப்பீட்டுச் சட்டகமும் புதிய கணினி அமைப்பும் ஒரே நேரத்தில் வந்து இரண்டும் சிக்கலாயின. அரசு கேட்டுக்கொண்டபடி டாக்டர் பென்னி டாஷ் நடத்திய மறுஆய்வின் இடைக்கால அறிக்கை 2024 ஜூலையில் வந்தது. 2019-20இல் 15,000க்கு மேல் இருந்த ஆய்வுகள் 2023-24இல் சுமார் 7,000ஆகச் சுருங்கியிருந்தன. ஆணையத்துக்கு ஆய்வதிகாரம் உள்ள இடங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று ஒருமுறைகூட மதிப்பிடப்படவில்லை. மறதி நோயாளி ஒருவரையும் சந்தித்திராதவர் முதியோர் இல்லத்தை ஆய்வு செய்த சங்கதியும் அதில் இருந்தது. நோக்கத்துக்குத் தகுதியற்ற நிலையில் ஆணையம் இருக்கிறது என்று சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு குடும்பம் முகமையைத் தேர்ந்தெடுக்கும்போது இணையத்தில் பார்க்கும் ‘நன்று’ ஐந்தாறு ஆண்டு பழையதாக இருக்கலாம். அதற்குள் மேலாளர் மாறி, உரிமையாளர் மாறி, பராமரிப்பாளர்களில் பெரும்பாலோர் மாறியிருப்பார்கள். பழைய மதிப்பீட்டை விட மதிப்பீடே இல்லாதது மேல் என்றுகூட நினைக்கத் தோன்றுகிறது; அப்போதாவது குடும்பம் விசாரிக்கும்.

இனி விலைக்கு வருவோம். பதினைந்து நிமிட வருகைகளை வைத்து அந்தரங்கப் பராமரிப்பு செய்வது பொருத்தமல்ல என்று 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் வந்த அரசு வழிகாட்டுதலே உள்ளாட்சி மன்றங்களுக்குச் சொல்கிறது. 2015 செப்டம்பரில் நைஸ் அமைப்பும், அரை மணிக்குக் குறைவான வருகை வேண்டுமென்றால் பராமரிப்பாளர் ஏற்கெனவே அறிமுகமானவராகவும், குறிப்பிட்ட சிறு வேலைக்காகவும், பெரிய திட்டத்தின் ஒரு பகுதியாகவும் இருக்க வேண்டும் என்றது. நடைமுறையை முடிவு செய்தது மணிக்கு மன்றம் தரும் தொகை. முகமைகளின் சங்கமான ஹோம்கேர் அசோசியேஷன், சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி, பயண நேரம், பயிற்சி, நிர்வாகச் செலவு எல்லாம் கூட்டி, 2024-25இல் இங்கிலாந்தில் மணிக்கு 28.53 பவுண்டு வேண்டும் என்று கணக்கிட்டது. முகமைகளின் சங்கம் என்பதால் அந்தக் கணக்கைச் சந்தேகத்தோடு பார்க்கலாம். ஆனால் அதைவிடப் பல பவுண்டு குறைவாகத் தரும் மன்றங்கள் இருக்கும்போது, குறையும் தொகை எங்கிருந்து வரும்? பயண நேரத்திலிருந்து. பிறகு வருகையிலிருந்து.

இதை அறிந்தும் ஆணையம் முகமையை மட்டுமே தண்டித்துவந்தது. எச்சரிக்கை அறிவிக்கை, பதிவில் உடனடி நிபந்தனை, மிக அவசரம் என்றால் நீதிபதியிடம் போய்ப் பதிவை ரத்து செய்வது, வழக்கு என்று முகமைக்கு எதிராகப் பலவகை ஆயுதங்கள் அதனிடம் இருந்தன. வாங்குபவரை மதிப்பிடும் ஆண்டு ஆய்வு மட்டும் 2010இல் நிறுத்தப்பட்டது. 2022இன் சுகாதார மற்றும் பராமரிப்புச் சட்டம்தான் உள்ளாட்சி மன்றங்களை மறுபடி மதிப்பிடும் பொறுப்பை ஆணையத்துக்குக் கொடுத்தது. 2023இல் அது நடைமுறைக்கு வந்தது. இடையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன. வேல்ஸ் இந்த முடிச்சை வேறு இடத்தில் அவிழ்த்தது. 2018 முதல் அங்கே பணிப்பட்டியலில் பயண நேரத்தையும் பராமரிப்பு நேரத்தையும் தனித்தனியே காட்டியாக வேண்டும். 2020 முதல் வீட்டுப் பராமரிப்பாளர் ஒவ்வொருவரும் தொழில்முறைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் பராமரிப்பாளருக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. ஒரு முகமையில் விலக்கப்பட்டவர் அடுத்ததில் சேர்வதைத் தடுக்கக் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பும் பரிந்துரைக் கடிதமும்தான் காவல்.

ஆய்வாளருக்கு உண்மை சொல்லக்கூடிய இன்னொருவர் பராமரிப்பாளர். அவர் வாயைக் கட்டிப்போட்டது விசா. ஆள் பற்றாக்குறையால் 2022 பிப்ரவரியில் பராமரிப்பாளர்களுக்கு வெளிநாட்டு வேலை விசா திறக்கப்பட்டது. நைஜீரியா, ஜிம்பாப்வே நாடுகளோடு இந்தியாவிலிருந்தும் பெருமளவில் வந்தார்கள். வேலை கொடுத்த முகமையோடு விசா பிணைக்கப்பட்டிருந்தது. எல்லை மற்றும் குடியேற்றத் துறையின் தலைமை ஆய்வாளராக இருந்த டேவிட் நீலின் அறிக்கை 2024இல் வெளியானபோது, இல்லாத ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு 275 அனுமதிச் சான்றுகளும், உரிமம் பெறும்போது நான்கே ஊழியர்கள் என்று சொன்ன ஒரு நிறுவனத்துக்கு 1,234 சான்றுகளும் தரப்பட்டது தெரிந்தது. விசா கொடுத்த உள்துறைக்கும் பராமரிப்பை மேற்பார்க்கும் ஆணையத்துக்கும் நடுவே கண்காணிப்பு விழுந்துபோன பள்ளம் இது. 2024 மார்ச்சில்தான் ஆணையத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களே ஆள் எடுக்கலாம் என்ற விதி வந்தது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதே நிறுத்தப்பட்டது. ஊரில் கடன் வாங்கி அனுப்பப்பட்ட ஒரு பெண், தன் முகமை வருகைகளைக் கிள்ளுகிறது என்று ஆய்வாளரிடம் சொன்னால், முகமை மூடப்படலாம். விசா கையைவிட்டுப் போய்விடலாம். பணியாளர்களுடன் தனியே பேசினோம், குறை எதுவும் இல்லை என்று ஆய்வறிக்கையில் வரும் வாக்கியத்தை இந்தச் சூழலோடு சேர்த்துத்தான் படிக்க முடியும்.

இவ்வளவும் பதிவு பெற்ற முகமைகளைப் பற்றி. தேவை மதிப்பீட்டுக்குப் பிறகு உள்ளாட்சி மன்றம் தரும் தொகையைக் கையில் வாங்கிக்கொண்டு, தாமே ஒரு தனி உதவியாளரை வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு 1996 சட்டத்திலிருந்து இருக்கிறது. விருப்பப்படி வாழ நினைக்கும் மாற்றுத்திறனாளிகள் போராடிப் பெற்ற உரிமை அது. அதைக் குறைசொல்ல யாரும் துணியமாட்டார்கள், துணியவும் கூடாது. ஆனால் அப்படி நேரடியாக வேலைக்கு வைக்கப்பட்டவர் ஆணையத்தில் பதிய வேண்டியதில்லை. ஆளை அறிமுகம் செய்துவிட்டு விலகிக்கொள்ளும் நிறுவனங்களும் பதிய வேண்டியதில்லை; செயலி வழியே பராமரிப்பாளரைத் தேடித் தரும் சில புதிய தளங்கள் இந்த வகைக்குள் வருகின்றன. அங்கே வருகைப் பதிவைக் கேட்க ஆளில்லை, மருந்துப் பதிவேட்டை ஒப்பிடவும் ஆளில்லை. பராமரிப்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, ஒருவர் துன்புறுத்தப்படுகிறார் அல்லது புறக்கணிக்கப்படுகிறார் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் உள்ளாட்சி மன்றம் விசாரித்தே ஆக வேண்டும். அந்தப் பிரிவு முகமைக்கும் தனி உதவியாளருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். ஆனால் அது தானாகக் கதவைத் தட்டுவதில்லை. யாராவது முதலில் தகவல் சொல்ல வேண்டும்.